விண்டோஸில் நுழைந்தவர் வலைவாசலுக்கும் நுழைந்தவரே: தோட்ட அலுவலகத்தில் ஒற்றை உள்நுழைவு அமைக்கும் முறை

பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரை இன்னும் விடாமல் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் புழங்கும் கிராணிமார்களின் (தோட்ட எழுத்தர்களின்) காலை, பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் கணினியின் முன் தொடங்குகிறது. விண்டோஸ் கேட்கும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவர்கள் இடுகிறார்கள். பிறகு ஆள்வருகை, செம்பனைக் குலைக் கணக்கு, லோரி எடை, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் எல்லாம் பதிவாகும் அலுவலக வலைவாசலைத் திறந்தால், அது இன்னொரு பெயரையும் இன்னொரு கடவுச்சொல்லையும் கேட்கிறது. அந்த இரண்டாவது கடவுச்சொல் பெரும்பாலும் விசைப்பலகையின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்பது அலுவலக வலையமைப்புக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அடையாளத்தை வலைவாசலும் ஏற்கும்படி செய்வதற்கு ஒற்றை உள்நுழைவு என்று பெயர்.

தலைமை அலுவலகத்தில் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (விண்டோஸ் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிறது, வலைவாசல் லினக்ஸ் சர்வரில் அப்பாச்சி என்னும் வலைச் சர்வர் மென்பொருளின் வழியாக ஓடுகிறது, தோட்ட அலுவலகங்கள் விபிஎன் (இணையத்தின் வழியான தனிப்பட்ட பாதுகாப்பு) இணைப்பால் தலைமை அலுவலகத்தோடு இணைந்திருக்கின்றன என்ற அமைப்பை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். மேசைக் கணினிகள் அனைத்தும் டொமைனில் சேர்ந்திருக்க வேண்டும். டவுனில் உள்ள கடையில் அவசரத்துக்கு வாங்கி வந்த கணினியில் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருக்கும். அந்தப் பதிப்பை டொமைனில் சேர்க்க இயலாது என்பதால், புரோ பதிப்புக்கு மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள்.

முதலில் நாற்காலியைச் சரிசெய்யுங்கள்

இந்த ஏற்பாட்டை நான் முதன்முதலில் ஒரு தோட்ட அலுவலகத்தில் செய்தபோது, தொழில்நுட்ப வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. எனக்கும் பெருமையாக இருந்தது. மறுநாள் தலைமைக் கிராணி தேநீர் குடிக்கச் சென்ற பத்து நிமிடத்தில், அவருடைய மேசையில் அமர்ந்த இளையவர் மூன்று தொழிலாளர்களின் விடுப்பைப் பதிவு செய்தார். மூன்றும் தலைமைக் கிராணியின் பெயரில், அவருடைய அங்கீகாரத்தோடு பதிவாகிவிட்டன. இளையவர் எதையும் திருடவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் ஊகிக்கவில்லை. வலைவாசலின் கதவை நான்தான் கழற்றி வைத்திருந்தேன். வலைவாசல் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், பூட்டாமல் விட்ட கணினி பாதி ஆபத்து. அது கேட்பதை நிறுத்திய பிறகு, பூட்டாமல் விட்ட கணினி முழு ஆபத்து.

ஆகவே சர்வர் பக்கமே போகாமல் சில நாள் செலவிட்டு, எந்தக் கணினியில் யார் யார் அமர்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு கணினி என்றால் சிக்கல் குறைவு. லோரி எடை பார்க்கும் இடத்தில் கதை வேறு: அங்கே ஒரே கணினி, இரண்டு மூன்று ஷிப்ட், எல்லோருக்கும் பொதுவாக ஒரே விண்டோஸ் கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே ஒற்றை உள்நுழைவில் சேர்த்தால், இரவு ஷிப்டில் திருத்திய எடையும் பகல் ஷிப்டில் திருத்திய எடையும் ஒரே பெயரில்தான் பதிவாகும். பின்னர் ஒரு லோரியின் எடையில் தகராறு வந்தால் யாரிடம் கேட்பது? அங்கே இரண்டு வழிகள் உள்ளன. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு கொடுத்து, ஷிப்ட் மாறும்போது கணக்கு மாறுவதைப் பழக்கலாம். அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால், அந்தக் கணினியை மட்டும் ஒற்றை உள்நுழைவிலிருந்து விலக்கி, பழைய கடவுச்சொல் படிவத்தையே விட்டுவைக்கலாம். வரிசையாக லோரிகள் நிற்கும் இடத்தில் இரண்டாவது வழியே நிலைக்கும் என்பது என் கருத்து.

மற்ற கணினிகளுக்குக் குழுக் கொள்கையின் (டொமைனிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் வசதியின்) மூலம், ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தும் பழக்கத்தை நேரில் நின்று சொல்லிக்கொடுங்கள். சம்பளப் பட்டியலை அங்கீகரிப்பது, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவது போன்ற செயல்களுக்கு மட்டும் வலைவாசல் கடவுச்சொல்லை மறுபடியும் கேட்கட்டும். தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கி விவரமும் அந்த வலைவாசலில் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்கும் கடமையை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் மேல் வைத்திருக்கிறது.

பெயர்களைப் பொருத்துவதும் இந்தக் கட்டத்து வேலைதான். நம்மவர் பெயர்களில் அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரம்புவான் (மகள்) என்பவற்றின் சுருக்கங்களில் சாய்கோடு வருகிறது. விண்டோஸ் கணக்குப் பெயரில் சாய்கோட்டுக்கு இடமில்லை, பெயரும் 20 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அடையாள அட்டையில் உள்ளபடி வைக்க முயன்று, ஒருவருக்குத் தந்தை பெயர் பாதியில் வெட்டுப்பட்டும், இன்னொருவருக்குச் சாய்கோடு இல்லாமலும் அமைந்த பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். பணியாளர் எண்ணையே விண்டோஸ் கணக்குப் பெயராக வைத்து, அதே எண்ணை வலைவாசலின் பயனர் அட்டவணையிலும் வைத்தால், யார் யார் என்ற குழப்பமே எழாது.

சீட்டு எப்படிப் பயணம் செய்கிறது

பின்னால் வரும் பழுதுகள் எல்லாம் புரிவதற்கு, உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் டொமைனில் இந்த வேலையைச் செய்வது கெர்பரோஸ் என்னும் நெறிமுறை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1980களில் அதீனா திட்டத்துக்காக உருவாகி, கிரேக்கப் புராணத்தின் மூன்று தலை நாயின் பெயரைப் பெற்ற அது, விண்டோஸ் 2000 முதல் ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பான அடையாள முறையாக இருந்துவருகிறது.

தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகும் லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். லோரி ஓட்டுநர் தோட்ட அலுவலகத்தின் முத்திரையிட்ட சீட்டைக் காட்டுகிறார். ஆலைக் காவலர் அந்த முத்திரையை அறிவார். ஒவ்வொரு லோரிக்கும் அவர் தோட்டத்துக்குத் தொலைபேசியில் கேட்பதில்லை. கெர்பரோஸும் இப்படித்தான். காலையில் விண்டோஸுக்குள் நுழையும்போது டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் ஒரு மூலச் சீட்டைத் தருகிறது. இயல்பான அமைப்பில் அது 10 மணி நேரம் செல்லும். உலாவி வலைவாசலைத் திறக்கும்போது, வலைவாசல் 401 (யார் என்று காட்டு) என்ற பதிலுடன் ‘நெகோஷியேட்’ என்ற சொல்லை அனுப்புகிறது. உடனே கணினி அந்த மூலச் சீட்டைக் காட்டி, வலைவாசலுக்கென்று தனியான சேவைச் சீட்டு ஒன்றை டொமைன் கன்ட்ரோலரிடம் வாங்கி, உலாவியின் வழியாக நீட்டுகிறது. வலைவாசல் தன்னிடம் உள்ள சாவியால் சீட்டைத் திறந்து பெயரைப் படித்துக்கொள்கிறது. கடவுச்சொல் வலைவாசலுக்குப் போவதே இல்லை. சீட்டைச் சரிபார்ப்பதற்காக வலைவாசல் டொமைன் கன்ட்ரோலரை அழைப்பதும் இல்லை. உலாவிக்கும் வலைவாசலுக்கும் இடையிலான இந்த உரையாடல் 2006இல் ஆர்எஃப்சி 4559 என்ற ஆவணமாக வெளிவந்தது.

சர்வர் பக்க வேலை

வலைவாசலுக்கு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் பட்டியலில்) முழுப் பெயர் ஒன்று வேண்டும், எடுத்துக்காட்டாக போர்ட்டல்.லாடாங்.இன்டர்னல் என்று வைத்துக்கொள்வோம். அதை நேரே ஐபி எண்ணோடு இணைக்கும் ‘ஏ’ பதிவாக இடுங்கள். மாற்றுப்பெயர்ப் பதிவாக இட்டால், சில உலாவிகள் அதன் மூலப் பெயரைத் தேடிப் பிடித்து அந்தப் பெயருக்குச் சீட்டுக் கேட்கும். கேட்ட பெயருக்குச் சாவி இராது. ஐபி எண்ணைத் தட்டித் திறக்கும் பழக்கமுள்ளவர்களுக்கும் இது பயன்படாது. சீட்டு பெயருக்குத்தான் எழுதப்படுகிறது.

அடுத்து ஆக்டிவ் டைரக்டரியில் வலைவாசலுக்கென்று ஒரு சேவைக் கணக்கைத் தொடங்குங்கள். ஆள் யாரும் பயன்படுத்தாத அந்தக் கணக்குக்கு மிக நீளமான, எவரும் நினைவில் வைக்கத் தேவையில்லாத கடவுச்சொல்லை இடுங்கள். சேவைச் சீட்டை டொமைனில் உள்ள எவரும் கேட்டுப் பெற்று, அதைத் தனியே வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க இயலும் என்பதால், அந்த நீளம் ஒன்றே காப்பு. கணக்கின் பண்புகளில் ஏஇஎஸ் 256 பிட் மறையாக்கத்தை ஆதரிக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஆர்சி4 முறையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சேவைப் பெயரைக் கணக்கோடு கட்டுவதற்குச் ‘செட்எஸ்பிஎன்’ கட்டளையைப் பெரிய எஸ் தெரிவுடன் இயக்குங்கள். சேவைப் பெயர் எச்டிடிபி என்று தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின் வலைவாசலின் முழுப் பெயரைக் கொண்டிருக்கும். வலைவாசல் எச்டிடிபிஎஸ் வழியாக ஓடினாலும் இங்கே எஸ் சேராது. இந்த ஒரே எழுத்தைச் சேர்த்துவிட்டு அரை நாள் தேடியவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஒரே சேவைப் பெயர் இரண்டு கணக்குகளில் இருந்தால் டொமைன் கன்ட்ரோலர் சீட்டுக் கொடுக்க மறுத்துவிடும். பெரிய எஸ் தெரிவு பதிவுக்கு முன் இரட்டைப் பெயர் இருக்கிறதா என்று தானே பார்க்கும். பழைய இரட்டைகளைத் தேடுவதற்குப் பெரிய எக்ஸ் தெரிவு உண்டு.

பிறகு ‘கேடிபாஸ்’ கட்டளையால் வலைவாசலின் சாவி அடங்கிய கீடேப் கோப்பை உருவாக்குங்கள். ஆலைக் காவலர் கையில் உள்ள முத்திரை மாதிரி இதுதான். அதில் சேவைப் பெயருக்குப் பின் அட் குறியோடு வரும் டொமைன் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கோப்பைப் பாதுகாப்பான வழியில் லினக்ஸ் சர்வருக்கு மாற்றி, அப்பாச்சி இயங்கும் பயனர் மட்டும் படிக்கும்படி உரிமையை இறுக்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பிய கீடேப்பைத் தொலைந்த சாவியாகவே கருத வேண்டும். சேவைக் கணக்கின் கடவுச்சொல் மாறும் ஒவ்வொரு முறையும் சாவியின் பதிப்பு எண் உயரும், கையில் உள்ள கீடேப் செல்லாததாகும். யாரோ நல்லெண்ணத்தில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிய நாளில் எல்லாத் தோட்டங்களிலும் வலைவாசல் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அதனால் கணக்கின் குறிப்புப் பகுதியிலேயே, கீடேப்பைப் புதுப்பிக்காமல் கடவுச்சொல்லை மாற்றக் கூடாது என்று எழுதிவையுங்கள்.

அப்பாச்சியில் கெர்பரோஸ் சீட்டைச் சரிபார்க்கும் ஜிஎஸ்எஸ்ஏபிஐ அங்கீகாரத் தொகுதியை நிறுவி, வலைவாசலின் பகுதிக்கு அங்கீகார வகையை ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்று அமைத்து, கீடேப் இருக்கும் இடத்தைக் காட்டி, செல்லுபடியாகும் பயனர் தேவை என்று இட்டால் போதும். நுழைந்தவரின் பெயர் அட் குறியும் டொமைன் பெயரும் சேர்ந்து வரும். உள்ளூர்ப் பெயராக மாற்றும் அமைப்பை இயக்கினால் பணியாளர் எண் மட்டும் வலைவாசலுக்குக் கிடைக்கும். முழுப் போக்குவரத்தும் எச்டிடிபிஎஸ் வழியாகவே நடக்க வேண்டும். வலைவாசல் விண்டோஸ் சர்வரில் ஐஐஎஸ் என்னும் மைக்ரோசாஃப்ட் வலைச் சர்வர் மென்பொருளின் வழியாக ஓடினால் வேலை இன்னும் சுருக்கம்: விண்டோஸ் அங்கீகாரத்தை இயக்கி, பெயரில்லாமல் நுழையும் வழியை மூடி, நெகோஷியேட் முறையைப் பட்டியலின் தலையில் வையுங்கள்.

டொமைனுக்கு வெளியே இருப்பவர்களை மறக்கக் கூடாது. களத்தில் குலை எண்ணும் கண்டக்டரின் கைப்பேசிக்கு விண்டோஸ் சீட்டு ஏது? அவருக்காக, 401 பதிலோடு போகும் பக்கமாக வழக்கமான கடவுச்சொல் படிவத்தையே வையுங்கள். சீட்டு உள்ள கணினி அந்தப் பக்கத்தைக் காணாமலே உள்ளே போய்விடும். சீட்டில்லாதவர் படிவத்தைக் காண்பார். அந்தப் பக்கத்துக்கு அப்பாச்சியில் அதே சர்வரின் உட்பாதையைக் கொடுக்க வேண்டும். முழு முகவரியைக் கொடுத்தால் 401 என்ற பதிலே உலாவிக்குப் போய்ச் சேராது.

உலாவி பக்க வேலை

உலாவி எல்லா இணையதளத்துக்கும் சீட்டை நீட்டிவிடாது; நம்பும்படி நாம் சொன்ன பெயருக்கு மட்டுமே நீட்டும். புள்ளியுள்ள முழுப் பெயரை விண்டோஸ் இயல்பாக வெளி இணையமாகவே கருதுவதால், குழுக் கொள்கையில் வலைவாசலின் பெயரை உள்வலை மண்டலத்தில் சேருங்கள். அதற்கான மதிப்பு 1. எட்ஜும் குரோமும் இதை மதிக்கும். அவற்றுக்கென்று உள்ள, அங்கீகார சர்வர்களை அனுமதிக்கும் கொள்கையிலும் பெயரை இடலாம். ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் உள்ளமைப்புப் பக்கத்தில் நெகோஷியேட் அங்கீகாரத்துக்கு நம்பத்தக்க முகவரிகள் என்ற வரியை நிரப்ப வேண்டும். சோம்பலில் நட்சத்திரக் குறியை இட்டு எல்லாத் தளங்களையும் அனுமதித்துவிடாதீர்கள்.

சோதிக்கும்போது ஒரு கணினியில் வலைவாசலைத் திறந்துவிட்டு, கட்டளைத் திரையில் ‘கேலிஸ்ட்’ என்று தட்டுங்கள். பட்டியலில் வலைவாசலின் சேவைப் பெயருக்கு ஏஇஎஸ் 256 முறையில் ஒரு சீட்டு இருந்தால் எல்லாம் சரி. வலைவாசல் ஐஐஎஸ்ஸில் ஓடினால், சீட்டு இல்லாமலே உள்ளே போனது போல் தெரிவதும் உண்டு. அப்போது நடப்பது கெர்பரோஸ் அல்ல, விண்டோஸின் பழைய அடையாள முறையான என்டிஎல்எம். மைக்ரோசாஃப்ட் 2024இல் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்துவிட்ட அந்த முறையின் மேல் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். உலாவியின் உருவாக்குநர் கருவியில், நெகோஷியேட் என்ற சொல்லுக்குப் பின் வரும் எழுத்துக்கோவை ஆங்கில ஒய், ஐ, ஐ என்று தொடங்கினால் அது பொதுவாகக் கெர்பரோஸ். டி, எல், ஆர், எம் என்று தொடங்கினால் என்டிஎல்எம். குரோமின் மறைநிலைச் சாளரத்தில் சோதித்துவிட்டுக் கெட்டுப்போனது என்று முடிவு செய்ய வேண்டாம். அந்தச் சாளரம் இயல்பாகவே சீட்டை நீட்டாது.

இடியும் கடிகாரமும்

நம் ஊர்ப் பகுதியில் இந்த ஏற்பாட்டை அதிகம் கெடுப்பது பிற்பகல் இடிமழை. மின்சாரம் போய் வந்த மறுநாள் காலையில், ஒரே ஒரு கணினியில் மட்டும் வலைவாசல் கடவுச்சொல் கேட்கிறது என்று தொலைபேசி வந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். திருடிய சீட்டை மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க, கணினிக்கும் சர்வருக்கும் இடையில் 5 நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாடு இருந்தால் கெர்பரோஸ் ஏற்காது. பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் நின்றவுடன் கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். சில வெள்ளி (ரிங்கிட்) செலவில் முடியும் பழுது இது.

இதைவிடக் கண்ணுக்குத் தப்பும் பழுது ஒன்று உண்டு. திரையின் மூலையில் நேரம் சரியாக இருக்கும். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். ஆனாலும் சீட்டுக் கிடைக்காது. கெர்பரோஸ் ஒப்பிடுவது உலகப் பொது நேரத்தை. யாரோ கணினியின் நேர மண்டலத்தை ஒரு மணி நேரம் பின்தங்கிய பேங்காக், ஜகார்த்தா மண்டலத்தில் விட்டுவிட்டு, நேரத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளியிருப்பார்கள். திரையில் சரி, உள்ளே ஒரு மணி நேரப் பிழை. மண்டலத்தைக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மாற்றி, நேரத்தை டொமைனிலிருந்து மறுபடி எடுக்கச் செய்தால் தீர்ந்துவிடும். கையால் நேரம் மாற்றும் உரிமையைப் பயனர்களிடமிருந்து எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

இடிமழையின் இரண்டாவது விளைவு விபிஎன் அறுந்துபோவது. இணைப்பில்லாத காலையிலும் விண்டோஸ் பயனரை உள்ளே விடும். முன்பு நுழைந்தவர்களின் சரிபார்ப்புத் தகவலை அது தன்னிடமே சேமித்து வைத்திருக்கிறது. ஆனால் டொமைன் கன்ட்ரோலரைப் பார்க்காமல் நுழைந்தவருக்கு மூலச் சீட்டு கிடையாது. எட்டு மணிக்கு இணைப்பு திரும்பினாலும் வலைவாசல் படிவத்தைக் காட்டுவது இதனால்தான். கணினியை நிறுத்தித் தொடங்கச் சொல்ல வேண்டியதில்லை. திரையைப் பூட்டி, கடவுச்சொல்லை இட்டுத் திறந்தால் போதும், அப்போது புதிய சீட்டு வந்துவிடும். இந்த ஒரு வரியை அச்சிட்டு ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் ஒட்டிய பிறகு, எனக்கு வரும் காலைத் தொலைபேசி அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

மற்றவை சிறியவை. கீடேப்பைப் புதுப்பித்த பிறகும் கணினி பழைய சீட்டையே நீட்டினால், ‘கேலிஸ்ட்’ கட்டளையோடு ‘பர்ஜ்’ என்று சேர்த்து இயக்கிப் பழையதை அழிக்கலாம். பல பாதுகாப்புக் குழுக்களில் சேர்ந்த மேலாளர் ஒருவருக்கு மட்டும் 400 என்ற பிழை வந்தால், அவருடைய சீட்டு அப்பாச்சி ஏற்கும் 8190 பைட் வரம்பைத் தாண்டியிருக்கும், வரம்பை உயர்த்துங்கள். விபிஎன் வழியில் 88ஆம் போர்ட்டை யாரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் நாள்

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தொழிலாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மாத முதல் வாரத்தில் கிராணியின் வலைவாசலில் கை வைப்பது அறிவீனம். 8ஆம் தேதிக்குப் பின் ஒரு தோட்டத்தில் தொடங்கி, ஒரு முழுச் சம்பளச் சுற்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

வலைவாசலில் உள்ள வெளியேறு பொத்தானையும் அன்றே கவனிக்க வேண்டும். அதை அழுத்தியவர் அடுத்த சொடுக்கிலேயே சீட்டின் பலத்தால் மறுபடி உள்ளே வந்துவிடுவார்; வெளியேறிவிட்டோம் என்று நம்பி எழுந்தும் போய்விடுவார். பொத்தானை எடுத்துவிட்டு, கணினியைப் பூட்டவும் என்ற வாசகத்தை அங்கே வைப்பதே நேர்மை. வேலையை விட்டுப் போனவரின் டொமைன் கணக்கை முடக்கினாலும், அவர் கணினியில் ஏற்கெனவே உள்ள சேவைச் சீட்டு தன் ஆயுள் முடியும்வரை செல்லும்; அதனால் வலைவாசலின் பயனர் அட்டவணையிலும் அவர் எண்ணை அன்றே முடக்குங்கள். ஒரு சம்பளச் சுற்று குறையின்றி முடிந்ததும், படிவத்தின் வழியாக நுழைவதற்கோ, சம்பளப் பட்டியலை அங்கீகரிப்பது போன்ற செயல்களுக்கோ கடவுச்சொல் தேவைப்படாதவர்களின் பழைய வலைவாசல் கடவுச்சொற்களை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டு, விசைப்பலகைகளின் அடியில் ஒட்டியிருக்கும் தாள்களையும் கிழித்துவிடலாம்.